வதனாபே வீட்டுக் கதவு

சதாயோ அக்காவின் குரல் எங்கள் ஷியோமாச்சித் தெருவில் ஆண்டுக்கு ஒரு நாள்தான் வெளியே கேட்கும். மற்ற நாட்களில் அவர் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் அவர்களுடைய மண்ணெண்ணெய்க் கடைக்குள் போய்த் தகரப் புனலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பிப்ரவரி மூன்றாம் தேதி சாயங்காலம் மட்டும் அந்தக் குரல் தெருக்கோடியில் இருக்கும் கோயில் வரை போகும்.

"பேயே வெளியே போ! பாக்கியமே உள்ளே வா!"

ஆனால் வெகுகாலம் அந்தக் குரல் அவர் வீட்டு வாசலிலிருந்து வந்ததில்லை. எங்கள் சலூன் வாசலிலிருந்துதான் வந்தது.

எங்களுடையது அவர்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பி நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. என் வீட்டுக்காரர் ஹெய்ஜி முடி வெட்டுவார், நான் சவரம் செய்வேன். நான் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த மறு ஆண்டு சதாயோ வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் முதல் நாளிலிருந்தே அக்கா.

அந்தப் பிப்ரவரி நாளோடு குளிர்காலம் முடிகிறது, மறுநாள் வசந்தம் என்று நாட்காட்டி சொல்லும். எச்சிகோ கடற்கரையில் எங்களுக்கு அப்போதுதான் பனி ஜன்னலை எட்டிப் பார்க்கும். இருந்தாலும் நாட்காட்டியை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. இருட்டியதும் வீட்டுத் தலைவர் கதவைத் திறந்து, வறுத்த பயற்றை அள்ளி வெளியே வீசிப் பேயை விரட்டுவார். அடுத்த பிடியை வீட்டுக்குள் வீசிப் பாக்கியத்தை அழைப்பார். வெளியே வீசிய கையோடு கதவைச் சாத்திவிட வேண்டும், தாமதித்தால் விரட்டிய பேய் திரும்பி வந்துவிடும். "சாத்து, சாத்து!" என்று உள்ளேயிருந்து குழந்தைகள் கத்துவார்கள். அன்று தெரு முழுக்கக் கதவுகள் திறப்பதும் படார் படாரென்று மூடுவதுமாக இருக்கும்.

ஒரே ஒரு கதவு மட்டும் திறக்காது. அது வதனாபே வீட்டுக் கதவு.

அந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்கள் பயறு வீச வேண்டியதில்லை. எந்தக் காலத்திலோ அந்தக் குலத்து வீரன் ஒருவன் பேயின் கையை வெட்டிவிட்டானாம். அன்றிலிருந்து வதனாபே என்ற பெயரைக் கண்டாலே பேய் அந்த வாசலை மிதிக்காதாம். எங்கள் ஊரில் வதனாபேக்களுக்குப் பஞ்சமில்லை. பலர் அதைச் சிரிப்போடு சொல்லிவிட்டுக் குழந்தைகளுக்காகப் பயறு வீசவும் செய்தார்கள். எங்கள் தெருவில் இருந்த ஒரே வதனாபே வீடு அப்படியல்ல. அங்கே கின்சாகு அண்ணனின் அம்மா இஷி இருந்தார்.

அந்த வீட்டுக்குத்தான் சதாயோ அக்கா கின்சாகு அண்ணனின் மனைவியாக வந்து சேர்ந்தார்.

அவர் பிறந்தது கடற்கரையோரத்து ஹொன்மா வீட்டில். அப்பா மீன் பிடிக்கிறவர். வீடு நிறையப் பிள்ளைகள், எல்லாருக்கும் பெரிய தொண்டை. பயறு வீசும் நாளில் அந்த வீட்டில் வாசல் கதவு மட்டுமல்ல, கொல்லைக் கதவு, ஜன்னல், படகுக் கொட்டகைக் கதவு எல்லாமே திறக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை. "கடல்ல இருக்கிறவனுக்குக் கேக்கற மாதிரி கத்துங்க" என்பாராம் அப்பா. அவர் கடலிலிருந்து திரும்பாத வருஷம், வீட்டில் யாருக்கும் பயறு வறுக்க மனம் வரவில்லை. சிறுமியாக இருந்த சதாயோ தானே வறுத்து, எல்லாக் கதவுகளையும் தானே திறந்து, எல்லா வாசலிலும் கத்தினாராம்.

இதை ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். சவர நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நான் பிடரி மயிரை மழித்துக்கொண்டிருந்தபோது.

"அன்னைக்கு வீட்டு வாசல்ல நின்னு கத்தினாத்தான் மிசாவோ, எனக்கு அந்த வருஷம் பொறந்த மாதிரி இருக்கும். இங்க வந்ததுல இருந்து ஒரு வருஷமும் சரியாப் பொறக்கல."

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவர் செய்த தவறு தெருவுக்கே தெரியும். பிறந்த வீட்டுப் பழக்கத்தில், காலையிலேயே எழுந்து மத்தி மீன் ஒன்றைச் சுட்டு, அதன் தலையை முள்ளிலைக் குச்சியில் குத்தி வாசல் நிலையில் செருகிவிட்டு மண்ணெண்ணெய் நிரப்பப் போய்விட்டார். நாற்றத்துக்கும் முள்ளுக்கும் பயந்து பேய் ஓடும் என்று நாங்கள் எல்லாருமே செருகுவதுதான். ஆனால் வதனாபே வாசலில் மீன் தலையை அதுவரை யாரும் பார்த்ததில்லை. தோஃபு விற்கிறவர் வண்டியை நிறுத்தினார்.

"என்னம்மா வதனாபே வீட்டம்மா, உங்களுக்கேவா பயம்?"

இஷி வெளியே வந்து நிலையைப் பார்த்தார். பனி வாரிக்கொண்டிருந்த நான் வாருவதை நிறுத்தாமல் காதை மட்டும் அங்கே வைத்தேன்.

"யாரு வேலை இது?"

"நான்தான் அத்தை. எங்க வீட்டுல..."

"உங்க வீட்டுல சரி. இது எந்த வீடு? வாசல்ல பேரு எழுதியிருக்கே, படிக்கத் தெரியும்ல?"

"தெரியும் அத்தை."

"பேய்க்கும் தெரியும். படிச்சுட்டுப் பேசாமப் போயிடும். நீ மீன் தலையைத் தொங்கவிட்டா என்ன நினைக்கும்? ஓகோ, இவங்க நிஜ வதனாபே இல்ல போலிருக்கேன்னு நேரா உள்ள வந்து உக்காந்துக்கும்!"

தோஃபுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மீன் தலை பூனைக்குப் போனது. சாமி மாடத்தில் மரப்படி நிறைய வறுத்து வைத்திருந்த சோயாப் பயற்றை, ராத்திரிச் சோற்றில் போட்டு வேகவைக்கச் சொன்னார் இஷி.

"ஒரு பிடி அத்தை. ஒரே ஒரு பிடி வீசிக்கிறேன்."

"யாரை விரட்ட? இந்த வீட்டுல பேய் கிடையாது. என்னை விரட்டணும்னு இருந்தா நேராச் சொல்லிடு, துணியை மூட்டை கட்டிக்கிறேன்."

இஷி கெட்டவர் அல்ல. மருமகளுக்கு அரைவயிறு சோறு போட்டவரோ, கை ஓங்கியவரோ அல்ல. குளிரில் வெடித்த சதாயோவின் கைகளுக்குத் தன் கையாலேயே குதிரைக் கொழுப்புத் தடவிவிடுவார். ஊருக்கெல்லாம் சூடு விற்கிற கடையில் நெருப்பு வைக்க முடியாது என்பதால், தெருவிலேயே மிகக் குளிர்ந்த இடம் அந்தக் கடைதான். அந்தக் குளிரில் மாமியாரும் மருமகளும் ஒரே போர்வையை முழங்காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பயறு விஷயத்தில் மட்டும் அவர் அசையவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சதாயோ கேட்பார், அவரும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு பதில் வைத்திருப்பார்.

கின்சாகு அண்ணன் பேய் வேஷம் கட்ட ஆரம்பித்தது இதனால்தான். முன்பெல்லாம் தெரு ஆண்கள் முறை வைத்துப் பேயாவார்கள். பேயாகிறவர் முதலில் தன் வீட்டில் பயறு வீசிவிட்டு வர வேண்டும். அவர் வந்து முகமூடி மாட்டி ஒவ்வொரு வாசலாகப் போவதற்குள் கடைசி வீட்டுக் குழந்தைகள் தூங்கிவிடும். தெருச் சங்கக் கூட்டம் எங்கள் சலூனில்தான் நடக்கும், அங்கே தினமும் வெந்நீர் கொதிக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. அந்தக் கூட்டத்தில் ஹெய்ஜி சொன்னார்.

"கின்சாகுவுக்கு அன்னைக்கு வேலையே இல்லையே. வீட்டுல பயறா கியறா?"

"வதனாபேயைப் பேயாக்கறதா? நிஜப் பேய் பாத்தா மானம் போச்சுன்னு அழுதுடும்" என்றார் பாய் முடைகிறவர்.

கின்சாகு அண்ணன் பெரிய உருவம். இரண்டு கையிலும் மண்ணெண்ணெய் டின்னோடு பனியில் நடந்தால் கரடி மாதிரி இருக்கும். ஆனால் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச மாட்டார். "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்று போனார். இஷி அன்று மாலை முழுக்க யோசித்தாராம். கடைசியில் சொன்னாராம்:

"முகமூடிக்குள்ள வதனாபே இருந்தா நிஜப் பேய் இந்தத் தெருப் பக்கமே வராது. நல்லதுதான். கட்டு."

கின்சாகு அண்ணனே முகமூடி செய்தார். பழைய செய்தித்தாளைப் பசையில் ஊறவைத்து, தாள்மேல் தாளாக ஒட்டி, சிவப்புப் பூசி, வைக்கோல் புரியைச் சுற்றிக் கொம்பு வைத்தார். உள்பக்கம் எப்போதும் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். அந்த முகமூடிக்குள் நுழைந்ததும் அவருக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்துவிடும். வருஷம் பூரா முணுமுணுக்கிற மனிதர், கதவைத் தட்டித் தட்டி உறுமுவார். என் மகன் மூன்று வயதில் பயந்து அழாமல் நேரே ஓடிப்போய்ப் பேயின் தொடையைக் கடித்துவிட்டான். "ஐயோ, பேய்க்குப் பல் இருக்குன்னாங்க, பையனுக்கும் இருக்கே!" என்று பேய் நொண்டிக்கொண்டு ஓடியது.

புருஷன் தெருவில் பேயாகத் திரிய, சதாயோ அக்கா சந்து வழியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். "உன் வீட்டுப் படியைக் குடு" என்பார். நான் மரப்படி நிறையப் பயற்றைக் கொடுப்பேன். பேய் எங்கள் வாசலுக்கு வந்ததும் அந்தக் குரல் கிளம்பும். முதல் வருஷம் கோயில் பூசாரி, தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாளியோடு ஓடிவந்தார். அக்காவின் கையும் குரலுக்குச் சளைத்ததல்ல. வலை வீசிப் பழகிய வீட்டுக் கை. தோளிலிருந்து வரும்.

"என்ன அக்கா, இந்த வருஷம் கொஞ்சம் பலமா இருக்கே?"

"புது வருஷத்துக் குடியில ஈரக் காலுறையோட படுக்கையில ஏறினாருல்ல, அதுக்கு இது." இன்னொரு பிடி பறக்கும். "இது எங்க அண்ணன் வந்தப்போ வாயே திறக்காம உக்காந்திருந்ததுக்கு."

ஒருமுறை வேகத்தில் பயறோடு மரப்படியும் கையை விட்டுப் பறந்து, நேரே பேயின் வலது கொம்பில் போய் மோதியது. கொம்பு முறிந்து பனியில் விழுந்தது. முகமூடிக்குள்ளிருந்து கின்சாகு அண்ணனின் சொந்தக் குரல் வந்தது.

"படியையும் சேர்த்தா எறியறது?"

அன்று சிரித்த சிரிப்பில் பாய் முடைகிறவர் பனியை வாரித் தள்ளும் தெருக் கால்வாயில் விழுந்துவிட்டார். மறுநாள் சோற்றுப் பசையில் கொம்பை ஒட்டினார் கின்சாகு அண்ணன். அதற்குப் பிறகு அது கடைசி வரை கொஞ்சம் கோணலாகவே இருந்தது.

சவரத்துக்கு வந்தபோது நான் கேட்டேன், "அவ்வளவு பேரு எறியறாங்களே அண்ணா, அக்கா எறியறது தனியாத் தெரியுமா?"

"தெரியாம? மத்தவங்க எறிஞ்சா சட்டைல படும். அவ எறிஞ்சா மறுநாளும் இருக்கும்" என்று கண்ணை மூடியபடி சொன்னார். உதட்டோரம் சிரிப்பு. கத்தி வழுக்கிவிடும், சிரிக்காதீர்கள் என்றேன்.

எங்கள் தெரு எப்போது சோயாவிலிருந்து வேர்க்கடலைக்கு மாறியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. தோலோடு வீசினால் பனியில் தேடி எடுத்துத் தின்னலாம், வீணாகாது என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஊரெல்லாம் மாறியபோது நாங்களும் மாறினோம். பேய்க்கு அதில் சந்தோஷம். "சோயா கழுத்துக்குள்ள போனா மார்ச் வரைக்கும் குத்தும்" என்பார்.

எல்லாம் முடிந்ததும் சதாயோ அக்கா சந்து வழியாகவே வீட்டுக்குத் திரும்புவார். மூடியிருக்கும் அந்த முன்கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சந்துக்குள் நுழைவார். இரண்டு பெண்கள் பிறந்து வளர்ந்தார்கள். அவர்களும் எங்கள் வாசலில் நின்றுதான் அப்பா மேல் கடலை எறிந்தார்கள்.

ஓர் இலையுதிர் காலத்தில் இஷி காலமானார். அந்தப் பிப்ரவரியில் சதாயோ அக்கா சலூனுக்கு வந்து வாசலிலேயே நின்றார். முகம் சின்னப் பெண்ணுடையதுபோல இருந்தது.

"மிசாவோ, இந்த வருஷம் உன் வீட்டுக்கு வரமாட்டேன்."

"சொல்லணுமா அக்கா! அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சுத்திட்டுக் கடைசியா நம்ம வாசலுக்குத்தானே வரணும். வரட்டும்."

அன்று பேய் எங்கள் வீட்டில் அடி வாங்கி முடித்து நிமிர்ந்தபோது, பக்கத்தில் வதனாபே வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து வெளிச்சம் பனிமேல் விழுந்தது. சாமி மாடத்திலிருந்து எடுத்த மரப்படியோடு சதாயோ அக்கா வாசல் நடுவில் நின்றார். நானும் ஹெய்ஜியும் எங்கள் கதவைச் சாத்தாமல் இடுக்கு வழியாகப் பார்த்தோம்.

கின்சாகு அண்ணன் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கழுத்துத் துண்டிலிருந்து கடலைகளை உதறிக்கொண்டிருந்தவர், கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"போட்டுக்கோங்க" என்றார் அக்கா. "இப்ப நம்ம வீடு."

அவர் போடவில்லை. பனியில் கால் மாற்றி நின்றார்.

"சதாயோ..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. விளையாட்டுதான், தெரியும்." அவர் முகமூடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எல்லா வீட்டுலயும் வெளியே போ, வெளியே போன்னுதான் சொல்றாங்க. பால்குடிப் பிள்ளைகூட. சுத்தி முடிச்சுக் குளிர்ல வரும்போது, ஒரு வீடாவது அப்படிச் சொல்லாம இருக்கேன்னு நினைச்சுக்குவேன். அம்மாவோட வீம்பு எனக்கு அதுல மட்டும் சௌகரியமா இருந்துச்சு."

அக்கா படியை மார்போடு சேர்த்துப் பிடித்தார்.

"உனக்கு எவ்வளவு ஆசைன்னு தெரியும். வீசு. நான் மாட்டிக்கறேன்" என்று அவர் முகமூடியைத் தூக்கினார். கோணல் கொம்பு காதில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கப் பெரிய விரல்களால் தடுமாறினார்.

சதாயோ அக்கா படியிலிருந்த கடலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படியைச் சுவரோரம் டின் மேல் வைத்தார்.

"காலைப் பாருங்க, ஊறிக் கிடக்கு. உள்ளே வாங்க."

கதவு மூடிக்கொண்டது. ஹெய்ஜி எங்கள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

மறு ஆண்டு சந்து வழியாக அக்கா வந்து, "உன் வீட்டுப் படியைக் குடு" என்றார். "ஏன் அக்கா, அங்கேயே..." என்று ஆரம்பித்தேன். "உன் வாசல்ல இருந்துதான் எனக்குக் குறி சரியா வருது" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் திரும்பும்போது அந்த முன்கதவைப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை.

பெண்கள் இருவரும் கல்யாணமாகி நிகாத்தா நகரத்துக்குப் போனார்கள். தொடையைக் கடித்த என் மகன் தோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்தான். பேய்க்கு முடி நரைத்தது. முகமூடிக்குப் பின்னால் வெள்ளை முடி தெரிந்தால் குழந்தைகள் சிரிக்கும் என்று நான் அவருக்குக் கறுப்புத் தொப்பி ஒன்று பின்னிக் கொடுத்தேன்.

கடைசி வருஷம் அவருக்கு வயிற்றில் நோய். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்திருந்தார். வேண்டாம் என்று எல்லாரும் சொன்னோம். "ஒரு வருஷம் நின்னா அடுத்த வருஷம் வேற எவனாவது கொம்பை எடுத்துக்குவான்" என்றார். ஹெய்ஜி முழங்கையைப் பிடித்துக்கொள்ள, பேய் மெல்ல மெல்ல வாசல் வாசலாக வந்தது. இதுதான் கடைசி என்று எல்லாருக்கும் தெரியும். பூ போடுவதுபோலக் கடலையைப் போட்டார்கள். எங்கள் வாசலுக்கு வந்தபோது சதாயோ அக்கா தோளைப் பின்னுக்கு இழுத்து, முன்பு எப்படி எறிவாரோ அப்படியே எறிந்தார். கடலை முகமூடியில் பட்டுத் தெறித்தது.

"மெதுவா அக்கா!" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"மெதுவா எறிஞ்சா அவருக்குத் தெரிஞ்சுடும்" என்றார். கையை விடுவித்துக்கொண்டு மறுபடியும் எறிந்தார்.

"இது எதுக்கு?" என்றது பேய், மூச்சு வாங்க.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்!"

மழைக்காலத்தில் கின்சாகு அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

மறு பிப்ரவரியில் தெருச் சங்கம் எங்கள் சலூனில் கூடியது. பேய்க்கு யார் என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் தேநீரைக் குடித்தார்கள். முகமூடி வதனாபே வீட்டில், புனலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. போய்க் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. இந்த வருஷம் சும்மா வீசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

"சதாயோவை நம்ம வீட்டுக்கு வரச் சொல்லு, தனியா இருக்க வேண்டாம்" என்றார் ஹெய்ஜி. நான் சந்து வழியாகப் போனேன். அக்கா, அடியில் கணப்பு வைத்த தாழ்ந்த மேசையின் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, கடலையில் சொத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷம் நான் இங்கேயே வீசறேன், மிசாவோ."

"வீசுங்க அக்கா. இத்தனை வருஷம் காத்திருந்தீங்களே."

"ஆமா. அத்தையும் இல்ல, அவரும் இல்ல. இனி வேண்டாம்னு சொல்ல ஆள் கிடையாது." ஒரு சொத்தைக் கடலையைத் தனியே ஒதுக்கி வைத்தார். "அதுதான் எப்படி இருக்கும்னு பாக்கறேன்."

அன்று மாலை காற்றில்லை. பனி செங்குத்தாக விழுந்துகொண்டிருந்தது. கதவுகள் திறந்தன, கத்தினார்கள், சாத்தினார்கள். நாங்களும் கதவைத் திறந்து வீசினோம். எதிரே யாரும் இல்லாததால் கடலை எதிலும் படாமல் போய்ப் பனிக்குள் புதைந்தது. "யாரைப் பாத்து எறியறதுன்னே தெரியல" என்று ஹெய்ஜி பாதிப் படியோடு நிறுத்திவிட்டார்.

அப்போது வதனாபே வீட்டுக் கதவு திறந்தது.

நான் வெளியே வந்து நின்றேன். தெருவில் இன்னும் சிலர் வாசலுக்கு வந்ததைப் பார்த்தேன். எல்லாரும் அந்தக் குரலுக்காகத்தான் வந்திருந்தார்கள். சதாயோ அக்கா நிலைப்படியில் நின்றார். மரப்படிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். தோள் பின்னுக்குப் போனது.

"பேயே..."

அதோடு நின்றுவிட்டது. கை தூக்கியபடியே இருந்தது. விழுகிற பனியை, அதற்கு அப்பால் ஒன்றுமில்லாத தெருவை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மெல்ல இறக்கி, தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். வீட்டைப் பார்த்து நின்று, பழைய குரலில், கோயில் வரை கேட்கிற குரலில் கத்தினார்.

"பாக்கியமே உள்ளே வா!"

கடலை உள்ளே பறந்தது. காலி டின்களில் பட்டுக் கலகலவென்று உருண்டது. படி காலியாகும்வரை கத்தினார், வீசினார். ஒவ்வொரு பிடிக்கும் அந்தக் கடை முழுக்கத் தகரம் அதிர்ந்தது. முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்.

நான் போய் முன்னால் நின்றேன்.

"அக்கா, பாதிதான் சொன்னீங்க."

"வெளியே போன்னு யார்கிட்டச் சொல்ல மிசாவோ? போக வேண்டியவரு போயாச்சு."

உள்ளே ஆணியில் முகமூடி தொங்கியது. கோணல் கொம்பின் இடுக்கில் ஒரு கடலை மாட்டியிருந்தது. அது அன்று வீசியதா, போன வருஷத்துடையதா என்று தெரியவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் மற்ற வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அக்காவின் நிலைப்படியைத் தாண்டிப் பனி உள்ளே விழ ஆரம்பித்திருந்தது.

"கதவைச் சாத்துங்க அக்கா. திறந்தே வெச்சா பேய் திரும்பி வந்துடும்."

"தெரியும்" என்றார்.

கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். டின்களுக்கு நடுவே கைக்கெட்டிய கடலைகளைப் பொறுக்கி என் மடியில் பாதியும் தன் மடியில் பாதியுமாகப் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடியே தோலுரிக்க ஆரம்பித்தார்.